பழைய பைபர் படகு: புதுக்கோட்டைக் கடற்கரையில் ஓர் உடைமையின் வரலாறு

பைபர் படகு என்பது கண்ணாடி இழைப் பாய்களையும் நெகிழிப் பிசினையும் அச்சின் மீது அடுக்கடுக்காக இட்டு உருவாக்கப்படும் படகு ஆகும். கண்ணாடியிழைப் படகு என்றும், அலுவலக ஏடுகளில் எஃப்.ஆர்.பி. படகு என்றும் இது குறிப்பிடப்படுகிறது. சோழமண்டலக் கரையின் சில ஊர்களில் இதற்கு மாருதி என்ற பெயரும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோர ஊர்களில் கரையோர மீன்பிடிப்புக்கு இன்று பெரிதும் பயன்படுவது இந்தப் படகே.

புதிய படகு வாங்கப் பணம் இல்லாத மீனவர், மற்றொருவர் ஓட்டிய பழைய படகை வாங்கியே படகு உடைமையாளர் ஆகிறார். மரப்படகின் நலிவு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். பைபர் படகின் நலிவு வண்ணப் பூச்சுக்கு அடியில் மறைந்திருக்கும். அதனால் ஒரு பழைய படகு எந்தக் காலத்தில், எந்தச் சூழலில், யாருக்காகக் கட்டப்பட்டது என்ற செய்தி, அதை வாங்குபவருக்குப் பழங்கதை அன்று. கடலில் அவருடைய உயிருக்கும் கரையில் அவருடைய கடனுக்கும் தொடர்புடைய செய்தி அது.

கடற்கரையின் இயல்பு

புதுக்கோட்டை என்றவுடன் சித்தன்னவாசலும் குடைவரைக் கோயில்களும் ஏரிகளும் நினைவுக்கு வருகின்றன. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடையாது. 1948-ல் இந்திய ஒன்றியத்துடன் இணைந்த அந்த நிலப்பகுதி திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1974 ஜனவரி 14 அன்று திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு புதுக்கோட்டை மாவட்டம் அமைக்கப்பட்டது. அப்போது அறந்தாங்கியைச் சார்ந்த கடலோரப் பகுதி தஞ்சாவூரிலிருந்து பிரிந்து வந்தது. இவ்வாறுதான் புதுக்கோட்டைக்குக் கடல் கிடைத்தது.

தமிழ்நாட்டின் 1076 கிலோமீட்டர் கடற்கரையில் இம்மாவட்டத்தின் பங்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் மட்டுமே. வடக்கே கட்டுமாவடி தொடங்கி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் ஆகிய ஊர்கள் இக்கரையில் அமைந்துள்ளன. கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் பெரிய விசைப்படகுகள் தங்கும் இறங்குதளங்கள். மற்ற ஊர்களில் நாட்டுப்படகுகளும் பைபர் படகுகளுமே மிகுதி.

இக்கரையை ஒட்டியுள்ள கடல் பாக் விரிகுடா. 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. ஆழம் குறைந்த இக்கடலின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவான ஆழம் உடையது. இலங்கைத் தீவு கிழக்கே மறைப்பதால் வங்கக் கடலின் பேரலைகள் இங்கு நேராக வந்து மோதுவதில்லை. கரையோரம் சேறும் கடற்புல்லும் நிறைந்திருக்கும். நாகப்பட்டினத்துக்கு வடக்கே உள்ள ஊர்களில் படகை அலையின் ஊடே செலுத்தி மணலில் ஏற்றி வைப்பார்கள். இங்கு அப்படி அன்று. படகைச் சற்றுத் தள்ளி நீரிலேயே நங்கூரமிட்டு நிறுத்திவிட்டு, இடுப்பளவு நீரில் நடந்து கரைக்கு வருவதே பல ஊர்களின் வழக்கம். படகின் ஆயுளைத் தீர்மானிப்பதில் இந்த வேறுபாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

மரத்தின் காலம்

சோழமண்டலக் கரையின் அடையாளம் கட்டுமரம். ஆங்கிலம் உட்பட்ட பல மொழிகளுக்கு இச்சொல் சென்றிருக்கிறது. ஆனால் பாக் விரிகுடாவில் பலகைகளால் கட்டப்பட்ட வள்ளமும் வத்தையுமே முதன்மையாக இருந்தன. அமைதியான, ஆழமற்ற கடலில் பாய் விரித்து ஓடுவதற்கு அவை ஏற்றவை.

மரப்படகின் பராமரிப்பு ஓய்வில்லாத வேலை. பலகைகளுக்கு இடையே உள்ள இணைப்புகளில் பஞ்சும் குங்கிலியமும் திணித்து நீர் புகாமல் அடைப்பதற்குக் கலப்பற்று என்று பெயர். பலகைகளுக்கு மீன் எண்ணெயும் முந்திரிக் கொட்டைத் தோலின் எண்ணெயும் பூசுவார்கள். அப்படியும் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு உள்ளே நுழைந்துவிடும். ஓடும் காலத்தில் ஒவ்வொரு பலகையாக மாற்ற வேண்டியிருக்கும். மரம் முற்றிலும் நைந்தபின் ஆணிகளையும் இரும்புகளையும் கழற்றிக்கொண்டு, மீதியை விறகாக்கிவிடுவார்கள். படகு இவ்வாறு முடிந்துபோவதில் ஒரு நன்மையும் இருந்தது. தன் ஆயுளுக்குப் பிறகு அது யாருக்கும் சுமையாக இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நல்ல மரம் அரிதாகி விலை ஏறியது. பழகிய தச்சர்களும் குறைந்தனர். 1960-களிலிருந்து இழுவலை கொண்ட விசைப்படகுகள் பாக் விரிகுடாவில் பெருகின. பாயையும் துடுப்பையும் நம்பிய படகுகளால் அவற்றுக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. எடை குறைந்ததும், இயந்திரத்தைத் தாங்கக்கூடியதும், மரம் தேவைப்படாததுமான ஒரு படகுக்கான தேவை இவ்வாறு உருவாயிற்று.

கண்ணாடி இழை படகான கதை

கண்ணாடியை நூல்போல் இழுப்பது பழைய கலை. அதைத் தொழிற்சாலை அளவில் மலிவாகச் செய்யும் முறை 1930-களில் அமெரிக்காவில் உருவானது. அதே பத்தாண்டில் பாலியெஸ்டர் பிசினும் வளர்ச்சி பெற்றது. இரண்டையும் சேர்த்தபோது புதிய கட்டுமானப் பொருள் ஒன்று கிடைத்தது. இழை தனியே வளையும், பிசின் தனியே நொறுங்கும். இழை இழுவிசையைத் தாங்க, பிசின் இழையை அதன் இடத்தில் நிறுத்திப் பிடிக்க, இரண்டும் சேர்ந்து உறுதி பெறுகின்றன. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த ரே கிரீன் 1942 அளவில் இம்முறையில் கட்டிய சிறு பாய்ப்படகு, தொடக்ககாலக் கண்ணாடியிழைப் படகுகளுள் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இத்தொழில் விரைந்து பரவியது.

1950-களிலும் 1960-களிலும் கட்டப்பட்ட அப்படகுகளைத் தேடி வாங்கிப் புதுப்பிக்கும் ஆர்வலர்கள் மேலை நாடுகளில் இன்றும் உள்ளனர். புதிய பொருளின் வலிமை எவ்வளவு என்று உறுதியாகத் தெரியாத காலத்தில், கட்டியவர்கள் தேவைக்கு மிகுதியாகவே அடுக்குகளை இட்டார்கள் என்பது அவர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று. அங்கே பழைய படகு விருப்பத்துக்குரிய சேகரிப்பு, புதுக்கோட்டைக் கரையில் அது பிழைப்புக்கான முதல். ஆனாலும் இரு இடங்களிலும் ஒரு விதி பொதுவானது. படகின் வயதைக் காட்டிலும், அது கட்டப்பட்ட காலத்தின் அக்கறை அல்லது அவசரமே அதன் தரத்தைச் சொல்கிறது.

பாக் விரிகுடாவை நோக்கி

தென்னிந்தியாவில் மீன்பிடிப் படகுகளை இயந்திரமயமாக்கும் பெருமுயற்சி, 1953-ல் கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டத்தோடு வேகம் பெற்றது. 1960-களில் அது மண்டபம் உள்ளிட்ட இடங்களுக்கும் விரிந்தது. அத்திட்டத்தின் படகுகள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. 1957-ல் தொடங்கிய கொச்சியின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மரப்படகுகளின் மேல் கண்ணாடியிழை உறை போர்த்துவது போன்ற ஆய்வுகளை மேற்கொண்டது.

பாக் விரிகுடாவின் மறுகரையில் கண்ணாடியிழைப் படகு முன்பே வந்துவிட்டது. யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956-ல் நார்வே சென்றவர். அங்கே திரட்டிய ஆதரவைக் கொண்டு அவர் உருவாக்கிய சீநோர் நிறுவனம், 1960-களின் இறுதியில் காரைநகரில் கண்ணாடியிழைப் படகுத் தளத்தையும் குருநகரில் வலைத் தொழிற்சாலையையும் தொடங்கியது. இலங்கையின் வடபகுதி மீனவர்கள் சிறிய கண்ணாடியிழைப் படகையும் வெளிப்பொருத்து இயந்திரத்தையும் பரவலாக ஏற்றுக்கொண்டனர். ஒரே கடலில் மீன்பிடித்த இரு கரையினரும் ஒருவர் படகை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

1979-ல் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு வங்கக் கடல் திட்டத்தைத் தொடங்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அத்திட்டம், அலைமோதும் கரைகளில் ஏற்றி இறக்கக்கூடிய படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. அவற்றுள் ஐஎன்டி-20 என்னும் கண்ணாடியிழைப் படகு, ஆழம் குறைந்த இடத்தில் சுழலியை மேலே தூக்கிக்கொள்ளும் அமைப்பும் டீசல் இயந்திரமும் கொண்டது. இப்படகு கிழக்குக் கரையில், சிறப்பாக ஆந்திரத்திலும் ஒரிசாவிலும், அறிமுகப்படுத்தப்பட்டது. தெற்கே குமரிமுனைப் பகுதியில், 1980-ல் அமைந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு முதலான அமைப்புகள் ஒட்டுப்பலகைப் படகுகளைப் பரப்பின. ஒட்டுப்பலகையின் இணைப்புகளில் பிசினும் இழையும் பூசப்பட்டதால், அவ்வேலையில் பழகியவர்கள் பைபர் வேலைக்கும் எளிதில் மாறினர்.

ஆழிப்பேரலையும் அவசரமும்

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டுப் படகுகளின் வரலாற்றை இரண்டாகப் பிரித்துவிட்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இலங்கையின் மறைப்பில் இருந்த பாக் விரிகுடாக் கரையில் அலையின் வேகம் தணிந்தே வந்தது. எனவே புதுக்கோட்டை மாவட்டத்தின் உயிரிழப்பு ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் அதன் பின்விளைவுகள் கரை முழுவதையும் தொட்டன.

உலகெங்குமிருந்து வந்த நிதியின் ஒரு பெரும்பகுதி படகுகளாக மாறியது. படகு கண்ணுக்குத் தெரியும் உதவி. எண்ணிக் காட்டலாம், கொடையாளரின் பெயரை அதன்மேல் எழுதலாம், சில வாரங்களில் கட்டி முடிக்கலாம். அச்சு ஒன்று இருந்தால் அதே படகைத் திரும்பத் திரும்ப வார்க்க முடியும் என்பதால், தேர்வு பெரும்பாலும் பைபர் படகின் மீதே விழுந்தது. கரையெங்கும் புதிய பட்டறைகள் முளைத்தன. அனுபவமும் நிதானமும் உள்ள பட்டறைகளோடு, ஒப்பந்தம் கிடைத்தவுடன் தொடங்கிய பட்டறைகளும் இருந்தன. மீனவர் எண்ணிக்கைக்கும் கடலின் வளத்துக்கும் மிகுதியாகப் படகுகள் சில இடங்களில் சேர்ந்தன. தரக்குறைவு பற்றிய குறைகளும் எழுந்தன. உணவு, வேளாண்மை அமைப்பு பின்னர் சிறிய கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டுவதற்கான பயிற்சிக் கையேடுகளை வெளியிட்டது.

அவசரம் ஏன் படகில் தங்கிவிடுகிறது என்பதை அறிய, கட்டும் முறையைப் பார்க்க வேண்டும். முதலில் அச்சின் உட்புறம் மெழுகு தேய்த்து, ஜெல் பூச்சு என்னும் வண்ணப் பிசின் பூசப்படும். அதுவே படகின் வெளித்தோல். அதன்மேல் இழைப்பாய் விரித்து, கடினமாக்கி கலந்த பிசினை ஊற்றி, உருளையால் காற்றுக் குமிழிகள் வெளியேறும்வரை அழுத்துவார்கள். இவ்வாறு பல அடுக்குகள் இடப்படும். வெட்டிழைப் பாயில் எடையளவில் ஏறத்தாழ 30 விழுக்காடு இழையும் 70 விழுக்காடு பிசினும் இருக்க வேண்டும். பிசின் கூடினால் படகு கனத்தும் நொறுங்கும் தன்மையோடும் இருக்கும். குறைந்தால் இழை நனையாமல் வெற்றிடங்கள் உண்டாகும். கடினமாக்கியை மிகுதியாகச் சேர்த்தால் அச்சிலிருந்து விரைவில் கழற்றலாம், ஆனால் இறுகும்போது சூடேறிப் பிசின் விரிசல் காணும். ஓர் அடுக்கைக் குறைத்தால் செலவு மிச்சமாகும். இவற்றில் எதுவும் விற்பனை நாளில் வெளியே தெரியாது. எல்லாப் படகும் பளபளப்பாகவே இருக்கும்.

அக்காலத்தில் பிறந்த படகுகளில் பல, கைமாறிக் கைமாறி இன்றும் கடலில் உள்ளன. முதல் உடைமையாளருக்கு உதவியாக வந்த படகு, பழுதுபார்ப்புக்குப் பின் மற்றொருவருக்கு விற்கப்பட்டு, அவரிடமிருந்து வேறு ஊருக்கும் செல்கிறது. கொடையாளரின் பெயர் எழுதிய பூச்சு உரிந்து மறைந்தாலும், அந்த ஆண்டின் நிதானமோ அவசரமோ படகின் அடுக்குகளுக்குள் அப்படியே இருக்கும்.

பழைய படகை வாங்குதல்

பாக் விரிகுடாவில் ஓடும் பைபர் படகுகள் பொதுவாக 20 முதல் 32 அடி நீளம் உள்ளவை. மூவர் முதல் ஐவர் வரை அவற்றில் தொழிலுக்குச் செல்வர். நண்டு வலையும் செவுள் வலைகளும் இவற்றின் முதன்மைக் கருவிகள். இத்தகைய பழைய படகை வாங்குபவர் கவனிக்க வேண்டியவை, மேலே கூறிய வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புடையவை.

முதலாவது, ஓசை. ஒரு நாணயத்தாலோ சிறு சுத்தியலின் கைப்பிடியாலோ படகின் உடலை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். அடுக்குகள் ஒன்றோடொன்று பற்றியிருந்தால் ஓசை தெளிவாகக் கேட்கும். அடுக்குகள் பிரிந்த இடத்தில் ஓசை மங்கி, டொக்கென்று ஒலிக்கும். பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பதைப் போன்றதே இது.

இரண்டாவது, அமரம் என்னும் பின்பகுதி. இயந்திரத்தின் எடையும் அதிர்வும் அங்கேதான் இறங்குகின்றன. அப்பகுதியின் கண்ணாடியிழைக்கு உள்ளே பல படகுகளில் மரப்பலகையோ ஒட்டுப்பலகையோ வைக்கப்பட்டிருக்கும். திருகாணித் துளை வழியாக நீர் கசிந்தால் வெளியுறை நன்றாக இருக்கும்போதே உள்மரம் அழுகிவிடும். இயந்திரம் பொருத்தும் இடத்தைப் பிடித்து ஆட்டும்போது அமரம் அசைந்தால், அப்படகின் விலையில் ஒரு பகுதியைப் பழுதுபார்ப்புக்கென ஒதுக்கியே பேச வேண்டும்.

மூன்றாவது, அடிப்பகுதி. மணலில் ஏற்றி இறக்கப்பட்ட படகின் அடிப்புறம் தேய்ந்து இழை வெளியே தெரியும். எப்போதும் நீரில் நின்ற படகின் சிக்கல் வேறு. ஜெல் பூச்சின் வழியே நீர் மெல்ல உட்புகுந்து, அரிசி போலவும் அவரை போலவும் கொப்புளங்களை எழுப்பும். வடக்கேயுள்ள மணல் கரையிலிருந்து வந்த படகா, பாக் விரிகுடாவிலேயே நின்ற படகா என்று கேட்பது இதனால்தான் பயனுள்ள கேள்வி.

நான்காவது, விரிசல்களும் ஒட்டுகளும். சிலந்திவலை போன்ற மெல்லிய கோடுகள் பூச்சில் மட்டும் இருக்கலாம், உள்ளேயும் சென்றிருக்கலாம். அணியத்திலும் விலாக்கட்டைகள் உடலோடு சேரும் இடங்களிலும் காணும் கோடுகளை ஐயத்தோடு பார்க்க வேண்டும். அண்மையில் பூசிய புது வண்ணம் எதை மறைக்கிறது என்று படகின் உட்புறத்திலிருந்து ஆராய வேண்டும். வெளியே மறைத்த ஒட்டு உள்ளே தெரியும்.

ஐந்தாவது, எடை. நீரை உறிஞ்சிய படகு கனக்கும். வழக்கமாக நான்கு பேர் தள்ளும் அளவுள்ள படகுக்கு ஆறு பேர் தேவைப்பட்டால் அதற்குக் காரணம் இருக்கும். இவை அனைத்துக்கும் பிறகு ஒருநாள் கடலோட்டிப் பார்ப்பது நல்லது. அமைதியான நீரில் ஒட்டியிருக்கும் அடுக்கு, அலையில் வளைந்து தன்னைக் காட்டிக்கொள்ளும்.

ஏடுகளும் எண்களும்

படகு கைமாறும்போது பதிவும் கைமாற வேண்டும். தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ல் இயற்றப்பட்டது. மீன்பிடிப் படகுகளின் பதிவு இன்று மீன்வளத் துறையின் வழியாக நடக்கிறது. படகின் எண்ணில் நாட்டையும் மாநிலத்தையும் குறிக்கும் எழுத்துகளுக்குப் பின், பதிவு இடத்தின் எண்ணும் படகின் வகையும் வரும். புதுக்கோட்டைப் படகுகளில் அவ்விட எண் 08. எம்எம் என்ற எழுத்துகள் விசைப்படகையும், எம்ஓ என்ற எழுத்துகள் மோட்டார் பொருத்திய சிறுபடகையும் குறிக்கும்.

பழைய உடைமையாளரின் பெயரிலேயே பதிவை விட்டுவைத்து, வாய்ச்சொல்லை நம்பிப் படகை வாங்குவது ஆபத்தானது. எரிபொருள் மானியம், புயல் நிவாரணம், காப்பீடு ஆகிய அனைத்தும் பதிவில் உள்ள பெயருக்கே செல்லும். படகு தொலைந்தாலோ எல்லையில் பிடிபட்டாலோ, வாங்கியவர் தமது உரிமையை மெய்ப்பிக்க இயலாமல் நிற்க நேரும். இயந்திரத்தின் விலைச்சீட்டு, பதிவுச் சான்று, விற்பனை ஒப்பந்தம் ஆகியவற்றைப் படகோடு சேர்த்தே வாங்க வேண்டும்.

உடைமையின் சுமை

படகின் உடலை விட இயந்திரத்தின் ஆயுள் குறைவு. ஒரே படகு தன் வாழ்நாளில் பல இயந்திரங்களைக் காண்பது இயல்பு. மண்ணெண்ணெயில் ஓடும் வெளிப்பொருத்து இயந்திரங்களும், நீண்ட தண்டின் முனையில் சுழலி அமைந்த டீசல் இயந்திரங்களும் இக்கரைகளில் பயன்பட்டு வருகின்றன. சேறும் கடற்புல்லும் உள்ள ஆழமற்ற நீரில், சுழலியை மேலே தூக்கிக்கொள்ள முடிவது நீண்ட தண்டு இயந்திரத்தின் சிறப்பு.

தொழிலில் கிடைக்கும் வருமானத்தில் எரிபொருள், உணவு முதலான செலவைக் கழித்தபின், மீதியைப் பங்கிடுவது மரபு. அதில் படகுக்கும் வலைக்கும் தனிப் பங்கு உண்டு. கூலிப் பங்காளியாக இருந்தவர் பழைய படகு ஒன்றை வாங்கும்போது, அந்தப் படகுப் பங்கு அவருக்கு வரத் தொடங்குகிறது. பழைய படகின் ஈர்ப்பு இதுவே. ஆனால் அதை வாங்கப் பலரும் மீன் வியாபாரியிடம் முன்பணம் பெறுகின்றனர். முன்பணம் தீரும்வரை பிடித்த மீனை அவரிடமே, பெரும்பாலும் அவர் சொல்லும் விலைக்கே, கொடுக்க வேண்டியிருக்கும். படகு அடிக்கடி பழுதானால் முன்பணம் வளரும். பழுதுள்ள படகை வாங்கியவர் பெயரளவில் உடைமையாளராகவும் நடைமுறையில் கடன்காரராகவும் இருக்கும் நிலை இப்படித்தான் ஏற்படுகிறது.

பழுதுபார்ப்பு முறையாக நடந்தால் பைபர் படகு நன்றாகவே மீளும். நைந்த பகுதியை நல்ல அடுக்கு வரும்வரை தேய்த்து நீக்கி, நன்றாக உலர்த்தி, தடிமனைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகச் சீவி, பின்னர் புதிய அடுக்குகளை இட வேண்டும். ஈரத்தின் மேல் இட்ட ஒட்டு சில மாதங்களில் உரிந்துவிடும். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூளும் பிசினின் ஆவியும் நுரையீரலுக்கும் கண்ணுக்கும் தீங்கானவை. முகமூடி அணிந்து, காற்றோட்டமான இடத்தில் இவ்வேலையைச் செய்ய வேண்டும்.

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. 2017-க்கு முன் இது 45 நாளாக இருந்தது. இக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கப்படுகின்றன. சிறிய பைபர் படகுகளோ தொழிலுக்குச் செல்கின்றன. போட்டி குறைந்த அந்த நாள்களே அவர்களுக்கு நல்ல வருமானக் காலம். அதனால் தங்கள் படகை உலர்த்திச் சீரமைக்க அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட காலம் என்று எதுவும் இல்லை. சிறு விரிசல்கள் நாளைக்கு என்று தள்ளிப்போய்ப் பெரும் பழுதாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புயலும் எல்லையும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. நங்கூரமிட்டிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதின. சில கரைமேல் வீசப்பட்டன. எடை குறைவு என்ற பைபர் படகின் சிறப்பே அன்று அதன் குறையானது. அப்புயலில் அடிபட்டு ஒட்டுப்போடப்பட்ட படகுகளும் இன்று பழைய படகுகளாக விற்பனைக்கு வருகின்றன. வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகளில் 2018-ம் சேர்ந்துள்ளது.

மற்றோர் இடர் எல்லை. 1974, 1976 ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடல் எல்லையை வரையறுத்தன. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்படும் படகுகளில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் படகுகளும் அடிக்கடி இடம்பெறுகின்றன. மீனவர்கள் விடுதலையாகித் திரும்பினாலும் படகு திரும்புவது அரிது. இயந்திரம் பழுதாகி நீரோட்டத்தில் இழுத்துச் செல்லப்படும் சிறு படகுக்கும் இந்த ஆபத்து உண்டு. நம்பகமற்ற பழைய இயந்திரம் ஒருவரை அயல்நாட்டுச் சிறை வரைக்கும் கொண்டுசேர்க்கக்கூடும்.

முடிவில்லாத உடல்

மரப்படகு இறுதியில் விறகானது. பைபர் படகு அவ்வாறு முடிவதில்லை. இறுகிய பாலியெஸ்டர் பிசினை மீண்டும் உருக்கி வார்க்க இயலாது. எரித்தால் நச்சுப்புகை எழும். இரும்பு வியாபாரி அதை எடைக்கு எடுப்பதில்லை. எனவே இயந்திரமும் கயிறுகளும் கழற்றப்பட்ட உடல்கள் கடற்கரையிலும் கழிமுகங்களிலும் கிடக்கின்றன. வெயிலில் அவற்றின் மேற்பூச்சு மாவாக உதிர, இழைத் துணுக்குகள் மண்ணிலும் நீரிலும் சேர்கின்றன.

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, கடற்பசுக்களுக்கான இந்தியாவின் முதல் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. கடற்பசுவின் உணவு கடற்புல். அதே கடற்புல் வெளிகளே நண்டுக்கும் இறாலுக்கும் வாழிடம். கைவிடப்பட்ட படகுகளின் துணுக்குகள் சேருவது இந்த நீரில்தான். பிரான்ஸ் நாட்டில் 2019 முதல் பழைய உல்லாசப் படகுகளைச் சேகரித்துப் பிரித்தழிக்கும் பொறுப்பில் படகு தயாரிப்பாளர்களுக்கும் பங்கு தரப்பட்டுள்ளது. இங்கு அந்தப் பொறுப்பு, படகைக் கடைசியாக வாங்கிய ஏழை மீனவரிடம் வந்து நிற்கிறது. பத்துக் கை மாறிய படகின் இறுதிச் செலவை, அதிலிருந்து மிகக் குறைவாகச் சம்பாதித்தவர் ஏற்க வேண்டியிருக்கிறது.

இதற்கான தொடக்கத் தீர்வுகள் எளியவை. கட்டப்பட்ட ஆண்டு, பட்டறை, இட்ட அடுக்குகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறித்த ஒரு தகட்டைப் படகின் உட்புறத்தில் பதித்துவிட்டால், வாங்குபவர் ஓசையை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பெரிய பழுதுகளையும் பதிவேட்டில் குறித்து வரலாம். ஓட இயலாத படகுகளை ஊர்தோறும் ஓரிடத்தில் சேர்த்து அறுத்து அகற்ற ஏற்பாடு செய்யலாம். இவை நடைமுறைக்கு வரும்வரை, பழைய படகை வாங்க நினைப்பவர் அது எந்த ஆண்டு, எந்தப் பட்டறையில் கட்டப்பட்டது, எந்தக் கரையில் நின்றது, எந்தப் புயலில் அடிபட்டது என்பவற்றை முந்தைய உடைமையாளர்களிடம் ஒவ்வொருவராகச் சென்று கேட்டறிந்தபின்பே முன்பணம் கொடுக்க வேண்டும்.